அண்ணமார் ஆட்டோ கன்சல்டிங்

ஜூன் 3, திங்கள்

மில்லில் கடைசியாகக் கொடுத்த டைரி இது. இருபது வருடத்துக்கு மேல் இதே அளவு டைரியில் நூல் உற்பத்தி, மின்வெட்டு, ஆள் வராத விவரம் என்று எழுதிப் பழகிவிட்டது. இப்போது மில்லை மூடிவிட்டார்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இன்று முதல் என் மனைவி வசந்தாமணியின் கடைக்குப் போகிறேன். ஈரோடு பெருந்துறை ரோட்டில் அண்ணமார் ஆட்டோ கன்சல்டிங். பழைய கார்களை வாங்கி விற்கும் கடை. தகரக் கூரை, முன்னால் ஒரு கண்ணாடி அறை, வரிசையாகப் பதினான்கு கார்கள். ஆறு வருடத்துக்கு முன் அங்கே கணக்கு எழுதத்தான் போனாள். முதலாளி தன் மகனோடு இருக்க ஓசூருக்குப் போய்விட்ட பிறகு கடையை இவளே எடுத்து நடத்துகிறாள். "ஊட்டுல போரடிக்குதுன்னு போறா" என்றுதான் சொந்தக்காரர்களிடம் நான் சொல்லி வந்திருக்கிறேன்.

இது தற்காலிகம். திண்டுக்கல் பக்கம் இரண்டு மில்களில் சொல்லி வைத்திருக்கிறேன்.

காலையில் இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள். "மாமா, கடைல என்னையப் பேரச் சொல்லிக் கூப்புடாதீங்க. வர்றவங்க என்னைய உட்டுட்டு உங்களப் பாத்துப் பேச ஆரம்பிச்சுருவாங்க."

"அப்ப என்னன்னு கூப்புடறது?"

"சிக்கந்தர் கூப்புடற மாதிரியே கூப்புடுங்க."

சிக்கந்தர் அங்கே மெக்கானிக். முப்பத்தைந்து வயதிருக்கும். அவன் மேடம் என்கிறான். மதியம் வரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்தேன். பிறகு ஒரு சாவி தேவைப்பட்டது.

ஜூன் 5, புதன்

காலையில் எல்லா வண்டிகளையும் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடுவது என் வேலை. நிறுத்தியே வைத்தால் பேட்டரி இறங்கிவிடும், எலி ஒயரைக் கடித்துவிடும். சாவிகளை எண் வாரியாகப் பலகையில் மாட்டி வைத்தேன். மில் பழக்கம். வசந்தாமணி பார்த்துவிட்டு, "நல்லாருக்குதுங்" என்றாள்.

கோபிப் பக்கத்திலிருந்து மஞ்சள் வியாபாரி ஒருவர் மனைவியோடு வந்தார். மைலேஜ் எவ்வளவு, டயர் எத்தனை ஓடியிருக்கும் என்று அவர் கேட்கக் கேட்க நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வசந்தாமணி அந்தப் பக்கமே வரவில்லை. அவர் மனைவியைக் கூட்டிப்போய் ஒரு காரின் பின்கதவைத் திறந்து, "ஏறிப் பாருங்க்கா" என்றாள். அந்த அம்மா கதவைப் பிடித்து, இருக்கையைப் பிடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறினார். முழங்கால் வலி போல. வசந்தாமணி அடுத்ததில் ஏறச் சொன்னாள். அது சற்று உயரமான வண்டி. ஏறுவதும் இறங்குவதும் எளிதாக இருந்தது.

"நீங்க பாக்கற வண்டி வேண்டாமுங்ணா" என்றாள் அந்த வியாபாரியிடம். "அக்காவால குனிஞ்சு ஏற முடியல. வாங்குன மறு மாசமே என்னைய வைவாங்க."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். உயரமான வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் சொன்ன மைலேஜ் எதுவும் அந்த வண்டியுடையது அல்ல.

ஜூன் 8, சனி

வியாபாரம் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே மதியம் யாராலும் நிற்க முடியவில்லை. அவள் நின்றாள்.

ஜூன் 12, புதன்

இன்று கொஞ்சம் வாக்குவாதம். வெள்ளைக் கார் ஒன்றைப் பார்க்க ஒரு பேங்க் ஊழியர் வந்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வசந்தாமணி, "முன் பம்பர் மாத்துனதுங்க. இந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடிச்சுருக்குது. ஏ.சி. மட்டும் சித்த மெதுவாத்தான் கூலாகும்" என்றாள். அவர் யோசித்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

"கேக்காத ஆளுகிட்ட எதுக்கு இதெல்லாம்?" என்றேன். மில்லில் நூலில் முடிச்சு இருக்கிறது என்று பார்ட்டியிடம் நாங்கள் வலியப் போய்ச் சொன்னதில்லை.

"அவரு ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டு வருவாருங். குத்தத்த அவன் கண்டுபுடிச்சுச் சொன்னா, அவன் பெரிய ஆளு, நாம கள்ளன். நாமளே சொல்லிட்டா அவனுக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமிருக்காது."

மாலையில் அவர் மெக்கானிக்கோடு வந்தார். மெக்கானிக் அரைமணி நேரம் குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மேடம் சொன்னதுதாங்க" என்றான். அவன் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. வண்டி போய்விட்டது.

ஜூன் 16, ஞாயிறு

சென்னிமலையில் ஒரு கல்யாணம். வசந்தாமணியின் பெரியப்பா மகன் எல்லோர் முன்னாலும், "இப்ப எங்க மாப்ள இருக்கறீங்க?" என்று கேட்டான். "ரெண்டு மூணு மில்லுல கூப்புட்டுருக்காங்க, பாத்துட்டு இருக்கறேன்" என்றேன். வசந்தாமணி பக்கத்தில்தான் இருந்தாள். பாயசத்தை என் இலைக்குத் தள்ளினாள்.

சாப்பிட்டு வெளியே வந்தால் அவளைச் சுற்றி மூன்று பேர். அதில் ஒருவர் தன் காரை விற்க வேண்டுமாம், அங்கேயே நிற்கிறது, ஒரு பார்வை பார்க்க முடியுமா என்றார். இவள் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பட்டுச்சேலைக் கொசுவத்தைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு, மண்டப வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் அவர்களைக் கவனிக்கவே இல்லை. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "அடில துரு ஏறிருக்குதுங். ஆனா வண்டி மோசமில்ல, நாளைக்குக் கொண்டாங்க" என்றாள்.

அந்தக் கைப்பையை வெகுநேரம் நான்தான் வைத்திருந்தேன். கனமாக இருந்தது. உள்ளே ஒரு டார்ச் லைட்.

ஜூன் 20, வியாழன்

விலை பேசும்போது அவள் செய்வது ஒன்றே ஒன்றுதான். தன் விலையை ஒருமுறை சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். தண்ணீர் குடிக்கிறாள். வாசலைப் பார்க்கிறாள். எதிரில் இருப்பவர் தானாகப் பேசி, தானாக இறங்கி, தானாக ஏறுகிறார். எனக்கு அந்த அமைதி தாங்குவதில்லை. இன்று நடுவில் புகுந்து, "கொஞ்சம் பாத்துக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் என் காலை மிதித்தாள். மேஜைக்கு அடியில்தான். யாருக்கும் தெரியாது.

டீ குடிக்கும்போது சிக்கந்தர் ஒரு பழைய கதை சொன்னான். வசந்தாமணி சேர்ந்த புதிதில் சேலத்திலிருந்து ஒரு கார் கொண்டுவர டிரைவர் வரவில்லையாம். அன்று அடைமழை. முதலாளி நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியும் கேட்காமல் இவளே போய் ஓட்டிக்கொண்டு வந்தாளாம். சங்ககிரிக்கிட்ட வைப்பர் நின்றுவிட்டதாம். தலையை வெளியே நீட்டி, நனைந்துகொண்டே கடை வரைக்கும் ஓட்டியிருக்கிறாள்.

"உங்ககிட்டச் சொல்லிருப்பாங்களே சார்" என்றான்.

சொல்லியிருப்பாள். அந்த வருடம் மில்லில் புது மெஷின் இறக்கினோம். காதில் விழாமல் போயிருக்கலாம்.

ஜூன் 26, புதன்

மகள் தாரணியைச் சென்னையில் ஹாஸ்டல் மாற்ற வேண்டும். வசந்தாமணி போகிறாள். அம்மா போவதுதான் அவளுக்கு வசதி. சில நாள் கடை என் பொறுப்பு.

ரயில் ஏறும்போது சொன்னாள். "விக்கறது உங்க இஷ்டமுங்க. வாங்கறத மட்டும் நான் வந்த பொறவு பாத்துக்கலாம்."

மில்லில் ஐந்நூறு பேரை வைத்து வேலை வாங்கியவனிடம் இதைச் சொல்கிறாள். சரி என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

சிவப்பு நிறக் கார். உள்ளே புது வாசனைகூடப் போகவில்லை. கொண்டுவந்தவன் பெயர் நவநீதன், காங்கேயத்தில் செல்போன் கடை. பெரிய மோட்டார் பைக்கில் நண்பன் பின்னால் வர, இவன் காரை ஓட்டி வந்தான். அவசரமாகப் பணம் வேண்டும், அதனால்தான் இந்த விலை என்றான். ஆர்.சி. அவன் மனைவி பெயரில். "கைக்கொளந்தைங்க சார், வெளிய வர முடியறதில்ல" என்று கையெழுத்துப் போட்ட காகிதங்களைக் கொடுத்தான். எல்லாம் சரியாக இருந்தது.

வசந்தாமணிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவனோ எதிர்க்கடையில் இதைவிட அதிகம் தருவதாகச் சொல்கிறார்கள் என்றான். நல்ல வண்டி நமக்காகக் காத்திருக்காது. அலமாரியில் பணம் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

சிக்கந்தர், "மேடம் வந்த பொறவு..." என்று இழுத்தான். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மாலையில் நானே அதைக் கழுவித் துடைத்தேன். கதவுப் பையில் ஒரு பெண்பிள்ளைத் தலைக்கிளிப் கிடந்தது. குப்பையில் போட்டேன்.

ஜூன் 29, சனி

வாங்கிய மறுநாளே இரண்டு பேர் விலை கேட்டுவிட்டார்கள். எழுதி வைக்கிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

வந்துவிட்டாள். சிவப்புக் காரை ஒருமுறை சுற்றி வந்தாள். உள்ளே உட்கார்ந்து பார்த்தாள்.

"இந்தப் புள்ளகிட்டப் பேசுனீங்களா?"

"எந்தப் புள்ள?"

"கையெழுத்துப் போட்டவ."

"அவ புருசன்தான் வந்தானே."

"சரிங்க" என்றாள். அவ்வளவுதான். சிக்கந்தரைக் கூப்பிட்டு அந்தக் காரைப் பின்வரிசையில் நிறுத்தச் சொன்னாள். யாருக்கும் காட்டவும் கூடாதாம். காகிதத்தில் அந்தப் பெண்ணுடையது என்று எழுதியிருந்த நம்பருக்குப் போன் செய்தாள். நவநீதன்தான் எடுத்தான்.

அலமாரியில் இருந்தது ஆடிக்கு முன்னால் கோயம்புத்தூர் ஏலத்தில் இரண்டு வண்டி எடுக்க அவள் சேர்த்து வைத்திருந்த பணம் என்று சிக்கந்தர் சொன்னான். ஆவணியில் விற்க அந்த இரண்டும்தான் என்று நினைத்திருந்தாளாம். முன்பே சொல்லியிருக்கலாம்.

ராத்திரி நன்றாகத்தான் தூங்கினேன்.

ஜூலை 6, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணி இருக்கும். டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். இருபத்து மூன்று, நான்கு வயது. இடுப்பில் குழந்தை. எங்கள் யாரையும் பார்க்காமல் நேராகப் பின்வரிசைக்குப் போய்ச் சிவப்புக் கார் கதவைத் திறந்து, கதவுப் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"இதுல என்ற கிளிப்பு ஒண்ணு இருந்துச்சுங்க" என்றாள் என்னிடம்.

வசந்தாமணி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். "உள்ள வா அம்மிணி. மொதல்ல ஒக்காரு. இவ என்ன சாப்புடுவா?"

அவள் பெயர் கவிப்பிரியா. நவநீதனின் மனைவி. கார், அவள் கல்யாணத்தில் அப்பா அவள் பெயருக்கு வாங்கிக் கொடுத்தது. அப்பா நெசவுக்கூடம் வைத்திருக்கிறவர். அந்தக் காருக்காக எதை எதையோ விற்றிருக்கிறார். சர்வீசுக்கு விட்டிருக்கிறேன் என்று நவநீதன் சொல்லியிருக்கிறான். ஊர்க்காரர் ஒருவர் இந்த வழியாகப் போனபோது கடையில் காரைப் பார்த்துப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

வசந்தாமணி காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "இது உன்ற கையெழுத்தா?"

"இல்லீங்க்கா. நான் தமிழ்லதானுங்க போடுவேன்."

காகிதத்தில் இருந்தது ஆங்கிலம். ஆதார் நகலில் கையெழுத்து மங்கலாக இருந்தது. நான் உற்றுப் பார்க்கவில்லை.

"அப்ப வண்டி உன்றது" என்றாள் வசந்தாமணி. வேறு எதுவும் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

நான் அவளை வெளியே கூப்பிட்டேன். "நாம ஏமாத்தலையே. பணம் குடுத்துத்தான வாங்கிருக்கோம். அவ போலீசுக்குப் போகட்டும், புருசன்கிட்டக் கேக்கட்டும். நாம எதுக்கு..."

"நாம இவகிட்ட வாங்கலீங்களே மாமா. அவனுகிட்ட விக்கறதுக்கு என்ன இருந்துச்சு?"

"அப்ப பணம்?"

"பாக்கலாம்."

"மில்லுல வந்த பணம் இருக்குது. அத எடுத்து ஏலத்துக்கு..."

"அது தாரணி படிப்புக்கு. தொடாதீங்க."

நான் வாங்கிய வண்டி. சொல்லி விட்டுப் போயும் கேட்காமல் நான் வாங்கியது. பேச்சு முழுவதும் அவள் 'நாம' என்றுதான் சொன்னாள். கடையில் முதல்முறையாக என்னை மாமா என்று கூப்பிட்டுவிட்டாள் என்பதையும் பிறகுதான் கவனித்தேன்.

கவிப்பிரியா சென்னிமலையில் அப்பா வீட்டுக்குப் போனாள். சிக்கந்தர் பஸ் ஏற்றிவிட்டு வந்தான்.

ஜூலை 8, திங்கள்

வசந்தாமணி நவநீதனுக்குப் போன் செய்தாள். "தம்பி, ஒரு எடத்துல கையெழுத்து சரியா வரலீங்க. வந்து பாத்துட்டுப் போங்க." ஒரு வார்த்தை பொய்யில்லை.

சாயங்காலம் பைக்கில் வந்து இறங்கினான். கண்ணாடி அறைக்குள் கவிப்பிரியா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான். பிறகு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"இது எங்க ஊட்டு விசயமுங்க்கா. புருசன் பொண்டாட்டிக்குள்ள என்னுது உன்னுதுன்னு இருக்குதுங்களா? அவ போட்டா என்ன, நான் போட்டா என்ன?"

வசந்தாமணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

அவன் என் பக்கம் திரும்பினான். "சார், நீங்க சொல்லுங்க. உங்க கையாலதான் பணம் வாங்குனேன். ஆம்பளைக்குத் தெரியும். ஊட்டுல எல்லாத்துக்கும் அவங்களக் கேட்டுட்டா இருக்கறோம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கவிப்பிரியாவும் பார்த்தாள். வசந்தாமணி மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுவா இருந்தாலும் மேடத்துகிட்டப் பேசுங்க தம்பி" என்றேன்.

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. இந்த முறை நான் நடுவில் புகவில்லை. அவன் நாற்காலியில் இப்படி அப்படி அசைந்தான். செல்லை எடுத்துப் பார்த்தான். பிறகு பேச ஆரம்பித்தான். ஷேரில் போட்டானாம். போனில்தான். முதலில் வந்ததாம், பிறகு போனதாம், போனதைப் பிடிக்க இன்னும் போட்டானாம். கார் பணத்தில் பாதிகூட மிச்சமில்லை. சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் அழுதுவிட்டான். சின்னப் பையன்தான்.

வசந்தாமணி அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தாள்.

"மிச்சமிருக்கறத நாளைக்குக் கொண்டாங்க. பாக்கிக்கு?"

"பைக்க வெச்சுட்டுப் போறனுங்க்கா."

"ஆர்.சி. யாரு பேருல?"

"என்ற பேருலதானுங்க."

"அப்ப நீங்களே கையெழுத்துப் போடலாம்."

சிக்கந்தர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

பிறகு அவள் கவிப்பிரியாவிடம் திரும்பினாள். "அம்மிணி, உன்ற வண்டியக் கொண்டுபோறியா? சிக்கந்தர் ஓட்டிட்டு வருவான்."

அதுவரை அந்தப் பெண் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "வேண்டாங்க்கா. ஊட்டுல நின்னா மறுபடியும் இதே மாதிரித்தான் போவும். நானே விக்கறேன். நான் கையெழுத்துப் போடறேன். என்ற பேர்ல பணம் வரட்டும்."

நவநீதன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

அவன் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனான். பைக் விற்றாலும் கடைக்கு நட்டம்தான். எவ்வளவு என்று வசந்தாமணியிடம் கேட்டேன். "கடை தாங்கும்" என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், "என்னைய ஒரு வார்த்த திட்டல நீ" என்றேன்.

"திட்டுனா அடுத்த தடவ எங்கிட்ட மறைப்பீங்க. மறைக்கற ஆள வெச்சுட்டு இந்த யாவாரம் பண்ண முடியாதுங்." பிறகு சொன்னாள். "மொத வருசம் நானும் ஒண்ணு வாங்குனேன். தண்ணில முழுகுன வண்டி. முதலாளி ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் மூணு நாளு சோறு எறங்கல."

அந்த வருடம் மில்லில் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். மிதியடிகளை எல்லாம் கழுவிக் காயப் போட்டேன்.

ஜூலை 24, புதன்

கவிப்பிரியா காகிதத்தில் கையெழுத்துப் போட வந்தாள். முழுப் பெயரும் தமிழில், நிறுத்தி நிதானமாகப் போட்டாள். போகும்போது காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒருக்காவாச்சு ஓட்டிருக்கியா?" என்றாள் வசந்தாமணி.

"இல்லீங்க்கா. பக்கத்துலதான் ஒக்காந்துருக்கேன்."

"விக்கறதுக்கு முன்னால ஓட்டிரு. இல்லீனா மனசுல நிக்கும்."

நசியனூர் பக்கம் புது மனைகள் போட்டு வீடு கட்டாத பெரிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே போனோம். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கார் குலுங்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி நின்றது. வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையை மட்டும் மெதுவாக உயர்த்தி உயர்த்திக் காட்டினாள், கிளட்சை எப்படி விட வேண்டும் என்று. அவள் குரல் உயரவே இல்லை. தாரணிக்கு ஸ்கூட்டர் கற்றுக் கொடுத்தபோது நான் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தியிருக்கிறேன்.

பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு கார் நகர்ந்தது. அந்தப் பெண் சிரித்த சத்தம் நான் நின்ற இடம் வரை கேட்டது. பெரிய வட்டமாக ஒரு சுற்று, அடுத்து இன்னொன்று. குழந்தை என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடுங்கிக் கடித்துக்கொண்டிருந்தது. நான் விட்டுவிட்டேன். மூன்றாவது சுற்றில் வசந்தாமணி இறங்கி, அவளைத் தனியாக ஓட்டவிட்டு என் பக்கம் நடந்து வந்தாள். புழுதி, வெயில், முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

இத்தனை வருடம் இந்த முகத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன். எழுத வேறொன்றும் இல்லை.

இறங்கி வந்த கவிப்பிரியா, "வித்துருங்க்கா" என்றாள். குரலில் தயக்கம் இல்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. கடை விடுமுறை. பவானிக் கூடுதுறைக்குப் போய்வந்தோம்.

திண்டுக்கல்லிலிருந்து போன். மில் மேனேஜர் வேலை, தங்க வீடு, முன்பைவிட நல்ல சம்பளம். செப்டம்பர் முதல் தேதி வரச் சொல்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று அவளிடம் சொன்னேன்.

"நல்ல வேலைங். போங்க" என்றாள் உடனே. "நீங்க கேட்டுட்டு இருந்ததுதான." எழுந்து போய் முன்னால் நின்ற கார் கண்ணாடியைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். அந்தக் கண்ணாடியைக் காலையிலேயே நான் துடைத்திருந்தேன்.

மதியச் சாப்பாட்டில் இருவரும் பேசவில்லை. அவளுடைய அமைதி வியாபார அமைதி அல்ல. தண்ணீரும் குடிக்கவில்லை, வாசலையும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

பைக் போய்விட்டது. கல்லூரிப் பையன் ஒருவன் அப்பாவோடு வந்து வாங்கினான். நான்தான் பேசினேன். பின்டயர் மாற்ற வேண்டும் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்பே சொன்னேன். விலை சொன்ன பிறகு வாயே திறக்கவில்லை. உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆவணி பிறந்ததும் கூட்டம். சிவப்புக் காரைக் கேட்டு அந்தியூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். கவிப்பிரியாவை வரவழைத்தோம். இந்த முறை அவள் அப்பாவும் வந்திருந்தார், வாசலோடு நின்றுகொண்டார்.

டீச்சர் சுற்றிப் பார்த்தபோது கவிப்பிரியாவே முன்னால் வந்து சொன்னாள். "பின்னால ஒரு கீறல் இருக்குதுங்க. கேட்டுல ஒரசுனது. அப்பறம் கிளட்ச்சு... அத நான் கொஞ்சம் படுத்திட்டேனுங்க." டீச்சர் சிரித்துவிட்டார். ஓட்டிப் பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

பணம் கவிப்பிரியாவின் கணக்குக்குப் போனது. செல்லில் தகவல் வந்ததும் அவள் அதை அப்பாவிடம் காட்டினாள். என்ன செய்யப் போகிறாள், நவநீதனிடம் திரும்பிப் போவாளா என்று நாங்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போகும்போது வசந்தாமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வசந்தாமணி குழந்தைக்குப் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துப் "போயிட்டு வா கண்ணு" என்றாள்.

எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்தது நான். டீச்சர் நேராக ஏற்றிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 21, புதன்

திண்டுக்கல்லுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அங்கே வெயில் அதிகம்.

வசந்தாமணியிடம் சொன்னபோது, "ஈரோட்டவிடவா?" என்றாள். சாயங்காலம் தேங்காய்ப்பால் காய்ச்சினாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சேலத்தில் ஒரு வண்டி பார்க்கப் போனோம். ஒரு டாக்டருடையது. அவர் மனைவியையும் கூப்பிட்டு, விற்பதில் சம்மதம்தானா என்று நான் கேட்டேன். அந்த அம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். சம்மதம்தான் என்றார். விலை முடிந்தது.

திரும்பும்போது சாவியை என்னிடம் கொடுத்தாள். வண்டியில் அவள் தூங்க மாட்டாள். யார் ஓட்டினாலும் எங்கே சத்தம் வருகிறது என்று கேட்டுக்கொண்டே வருவாள். இன்று சங்ககிரி தாண்டுவதற்குள் கண் சொருகிவிட்டது. "சித்தோடு வந்தா எழுப்புங்க" என்று பாதித் தூக்கத்தில் சொன்னாள். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது. அடுத்த ஆவணிக்குள் ஏலத்துக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்று ஒரு மாதமாக அவள் சரியாக உறங்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஈரோட்டுக்குத் திரும்ப வேண்டிய சித்தோடு வந்தது. எழுப்பவில்லை. பழைய வண்டியை நீண்ட ஓட்டத்தில் பார்த்தால்தான் இன்ஜின் சூடு சரியாகத் தெரியும். பெருந்துறையில் திரும்பியிருக்கலாம். அங்கேயும் திரும்பவில்லை. வேகத்தைக் குறைத்து இடது ஓரமாகவே போனேன். லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. விஜயமங்கலம் டோல்கேட்டில் நிறுத்தியபோது விழித்துக்கொண்டாள்.

"எங்க இருக்கறோம்?"

"விஜயமங்கலம்."

"இங்க எதுக்குங்க?"

"வண்டிய ஓட்டிப் பாத்துட்டு இருக்கறேன்."

அவள் முன்னால் குனிந்து சூடு காட்டும் முள்ளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்த மாதிரித்தான் இருந்தது, வெளிச்சம் எதிரில் இருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"அப்ப இன்னுஞ் சித்த ஓட்டிப் பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

டோல் பணத்தைக் கடைச் செலவில் எழுத முடியாது. என் சட்டைப் பையிலிருந்து கொடுத்தேன். அவிநாசி வரை போய்த் திரும்பினோம்.